மச்சான் ஒடித்த கை

எங்கள் மார்க்கெட்டில் கறிக்கடை வரிசைக்கும் மீன்கடை வரிசைக்கும் நடுவில் என் முட்டைக் கடை. எந்தப் பக்கம் சண்டை வந்தாலும் முதலில் உடைவது என் சரக்குதான். அதனால் இருபது வருடமாக யார் கை எப்போது நீளும், யார் வாய் எப்போது கிழியும் என்று பார்த்துப் பார்த்தே என் பிழைப்பு ஓடுகிறது. இரண்டு வரிசையிலும் நான் பயப்படத் தேவையில்லாத ஒரே ஆள் கறிக்கடை நிதானம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மார்க்கெட் வைத்த பெயர் இதுதான் நிலைத்தது. ஒரு தொடையைக் கட்டையில் போட்டால் உடனே கத்தியை எடுக்கமாட்டார். முதலில் விரலால் அழுத்திப் பார்ப்பார். மூட்டு எங்கே விலகுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு ஒரே வெட்டு, எலும்புச் சிராய் இல்லாமல். மற்ற கடைகளில் எலும்புத் தூள் பறக்கும். அவர் கடையில் சத்தமே வராது.

அந்த நிதானம் பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அப்பா அதே கட்டையில் நின்றவர். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். தராசுப் படிக்கல்லை எறிந்து வேலையாள் ஒருவரின் தாடையைப் பெயர்த்தவர். ஒருநாள் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் பெண்டாட்டியின் தோளில் இறக்கினார். தோள்பட்டை எலும்பு இரண்டாகிவிட்டது. அந்த அம்மாள் கடைசிவரை அந்தக் கையால் தலை சீவிக்கொண்டதில்லை. அப்போது நிதானத்துக்குப் பதினேழு வயது, தங்கைக்கு ஏழு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையை வளர்த்தவர் அவர்தான். அவள் மேல் ஒரு அடி விழுந்ததில்லை என்பதை அவர் பெருமையாகச் சொல்லமாட்டார். அவள் சொல்வாள்.

தங்கை தானே பார்த்து முடித்துக்கொண்டவன்தான் மாப்பிள்ளை. அண்ணன் அப்படிக் கூப்பிட்டு, பிறகு மார்க்கெட் முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. மச்சானோடு அதே கடையில், எதிர்க் கட்டையில் நின்று வெட்டினான். கை வேகம். வாய் அதைவிட வேகம். சிரிக்க வைத்தே ஒரு கிலோ கேட்டவரிடம் ஒன்றரை கிலோ தள்ளிவிடுவான். ஆனால் யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போச்சு. எலும்பு அதிகம் என்று கேலி பேசிய ஒருவரின் முன்பல் இரண்டை ஒரே குத்தில் இறக்கியிருக்கிறான். மச்சான்தான் போய்க் காலில் விழாத குறையாகப் பேசி முடித்துவிட்டு வந்தார். "எதுக்கு மச்சான் நீங்க போய்க் கெஞ்சுறீங்க?" என்று அதற்கும் கோபித்துக்கொண்டான்.

கறிக்கடை வரிசைக்குப் புதுத் தரை போட மூன்று நாள் அடைத்தார்கள். அத்தனை வருடத்தில் வரிசை முழுக்கச் சேர்ந்தாற்போல் அடைத்தது அதுதான் முதல் தடவை. சும்மா கிடப்பானேன், மலைக்குப் போவோம் என்று கிளப்பிவிட்டவன் மாப்பிள்ளை. கறிக்கடைக்காரர்கள் பதினொரு பேர், வேனில் ஒரு இடம் காலி என்று பன்னிரண்டாவதாக என்னையும் தூக்கிப்போட்டுக்கொண்டார்கள். போகிற வழியில் சமைத்துக்கொள்ளலாம் என்று பாத்திரம், அடுப்பு, கறி எல்லாம் ஏறின. கூடையில் வெட்டுக்கத்தியும் ஏறியபோது நிதானம் தடுத்தார்.

"கத்தி எதுக்கு மாப்ள? இங்கேயே துண்டு போட்டு எடுத்துட்டுப் போவோம்."

"நாளைக்குப் போற எடத்துல கறி வாங்கினா? பல்லால கடிச்சா வெட்டுறது மச்சான்?"

வேன் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மலைப் பாதை தொடங்கிப் பத்தாவது வளைவு வரை மாப்பிள்ளைதான் பாட்டும் கூத்தும். அதற்குப் பிறகு அவன் முகம் வெளுத்தது. பதினான்காவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை நீட்டிய தலையை உள்ளே இழுக்கவில்லை. சும்மா இருப்பார்களா இவர்கள்?

"ஆட்டுக் குடல கழுவுறவனுக்குச் சொந்தக் குடல் நிக்கல பாருடா."

"தங்கச்சிக்கு போன் போடு. மாசமா இருக்குறது அவ இல்ல, இவன்தான்னு சொல்லு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்ட துண்டை மட்டும் இறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிதானம் எல்லோரையும் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார்.

மேலே தேயிலையைப் பார்த்ததும் இவர்கள் முதலில் பேசிக்கொண்டது அழகைப் பற்றி அல்ல, வெட்டைப் பற்றி. மலை முழுக்க இடுப்புயரத்துக்கு ஒரே மட்டமாக, கத்தியால் சீவிவிட்டதுபோல் கிடந்தது. நிதானம் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். முதுகில் கூடையோடு நின்ற ஒரு அம்மாளிடம் போய்க் கேட்டார்.

"இவ்வளவு மட்டமா எப்படிம்மா வருது?"

"கிள்ளிக்கிட்டே இருக்கோம்ல. ஒரு வருசம் விட்டா மரமாயிடும். மேலதான் மெத்தை மாதிரி. அடியில கட்டையெல்லாம் இரும்பு. பாத்துப் போங்க, கால் மாட்டினா வெளிய எடுக்கமுடியாது."

தங்கிய இடத்தில் ஆறாறு பேருக்கு ஒரு அறை. தகரக் கூரை, ஈரம் ஊறிய மெத்தை. சாவியைக் கொடுத்த மேனேஜர் மூக்கைச் சுளித்ததை நான் கவனித்தேன். கிளம்பும்போது எல்லோரும் குளித்துத்தான் வந்தோம். ஆனால் கறிக்கடை வாடை தோலில் இல்லை, அதற்கும் உள்ளே இருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையும் அந்த மூக்கைக் கவனித்திருக்கிறான். அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மலை முனை ஒன்றில் நின்று பள்ளத்தைப் பார்க்கிற இடம். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. எங்கள் வேனுக்குப் பக்கத்தில் இன்னொரு வேன் வந்து நின்று, ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்ட இருபது பேர் இறங்கினார்கள். ஏதோ துணிக்கடையின் விற்பனையாட்கள். அவர்களுக்கும் எங்களைப்போல் எப்போதாவது கிடைக்கிற விடுமுறைதான். அதில் ஒல்லியாக, சிரித்த முகமாக ஒருவன். போட்டோ எடுக்க இடம் கேட்டு மாப்பிள்ளைக்கு அருகில் வந்தவன், சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு நண்பர்கள் பக்கம் திரும்பினான்.

"டேய், இங்க எதோ செத்துக் கெடக்குதுடா."

அவ்வளவுதான் அவன் சொன்னது. என்றும் நாலு பேர் சொல்கிற சொல்தான். முந்தின நாள் வளைவில் தொடங்கியது மாப்பிள்ளைக்குள் அங்கே வெடித்தது. அவன் ஒல்லியனின் பனியனைக் கழுத்தோடு பிடித்து இழுத்து, நெற்றியால் மூக்கில் இடித்தான். பழம் நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம். மஞ்சள் பனியன் நெஞ்சுவரை சிவந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருபது பேர் எங்கள் மேல் பாய்ந்தார்கள். இவர்களோ, ஒரு முழு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள். கல் பறந்தது. கேமரா வைக்கும் மூன்றுகால் ஸ்டாண்டு ஒன்று என் வாயில் பட்டு, கீழ்வரிசையில் ஒரு பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது. நான் வேனின் சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். எங்களில் ஒருவர் ஒருவனின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். யாரோ எங்கள் வேனின் ஜாக்கிக் கம்பியை உருவி, எதிர் வேனின் கண்ணாடியை ஒவ்வொன்றாக உடைத்து இறக்கிவிட்டு, அடி வாங்கிக் கீழே போட்டார். நிதானம் மட்டும் அடிக்கவில்லை. பிடித்தவர்களைப் பிரித்தார். பிரித்த இரண்டு பேரிடமும் வாங்கினார். நெற்றி கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கிடந்தது.

மாப்பிள்ளை வேனுக்குள் பாய்ந்து ஏறியதை நானும் அவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. இறங்கியபோது கையில் வெட்டுக்கத்தி.

ஒல்லியன் பார்த்துவிட்டான். தேயிலைச் சரிவில் இறங்கி ஓடினான். எட்டு அடி ஓடியிருப்பான், செடிக்குள் கால் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. மல்லாக்க விழுந்து, கையை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு கத்தினான்.

"அண்ணே, தெரியாம சொல்லிட்டேன்ணே. அண்ணே."

நிதானம் பின்னால் இறங்கிவிட்டார். இரண்டு எட்டு தள்ளி நின்று, கடையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"மாப்ள. கத்திய என்கிட்ட குடு."

மாப்பிள்ளை முதல் வெட்டை இறக்கினான். ஒல்லியனின் இடது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. அவன் தன் கையையே பார்த்தான். முதலில் வலியே தெரியவில்லைபோல. பிறகு கத்தினான் பாருங்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கத்தி இரண்டாவது முறை மேலே போனது. இந்தத் தடவை கழுத்துக்கு. நிதானத்தின் கையில் அந்த ஜாக்கிக் கம்பி இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்பும் சேர்ந்து போகிற இடத்தில் ஒரே அடி. அந்தச் சத்தத்தை அங்கே நின்ற பதினொரு பேரும் தினமும் கேட்பவர்கள். உயிரோடு இருப்பதில் கேட்டது அன்றுதான். கத்தி செடிக்குள் விழுந்தது. மாப்பிள்ளையின் கை நடுவில் மடிந்து தொங்கியது.

அவன் அலறவில்லை. திரும்பி மச்சானைப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சரிந்தான்.

நிதானம் தன் சட்டையைக் கழற்றி ஒல்லியனின் கையைச் சுற்றிக் கட்டினார். செடிக்கடியில் தவழ்ந்து இரண்டு விரலையும் தேடி எடுத்தார். அவை எங்கே விழுந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மலை ஆஸ்பத்திரியில் அவற்றை ஒட்டவைக்க முடியவில்லை.

மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அன்று மத்தியானம் போலீஸ் நிலையத்தில் மீதிப் பதினொரு பேரையும் வரிசையாக உட்காரவைத்தார்கள். மஞ்சள் பனியன்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கத்தி பிடித்தவனின் முதுகைத்தான் அவர்கள் மேலிருந்து பார்த்திருந்தார்கள், முகத்தை யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. ஒல்லியன் மயக்கத்தில் இருந்தான். எங்கள் ஆட்கள் வழியிலேயே கண்ணால் பேசி முடித்துவிட்டார்கள்.

"பனி சார். ஒண்ணும் தெரியல."

"பனியில விழுந்து கத்தி பட்டிருக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "பதினோரு பேருக்கும் பனியா?"

என் முறை வந்தது. பல் போன வாயால் நானும் பனி என்றுதான் சொன்னேன். இதைச் சொல்லாமல் கதையை மேலே கொண்டுபோனால் அது நியாயமில்லை.

கடைசியில் நிதானம். "வெட்டினது என் தங்கச்சி புருசன். மொத வெட்டு விரல்ல. ரெண்டாவது கழுத்துக்கு ஓங்கினான். அவன் கைய ஒடிச்சது நான். எழுதிக்குங்க."

எங்கள் வரிசையில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாவி" என்றார். இன்ஸ்பெக்டருக்கும் கேட்டது. எழுதுவதை நிறுத்தவில்லை.

திரும்பி வந்த வேனில் பத்துப் பேர் ஒரு பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர் பக்கத்தில் இரண்டு இடம் காலி. ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. கை ஜெயிலில்தான் கூடியது, கோணலாக. மணிக்கட்டு திரும்பாது, விரல் முழுதாக மடங்காது.

தீர்ப்பு வந்த மறுநாள் தங்கை மார்க்கெட்டுக்கு வந்தாள். எட்டு மாத வயிறு. நேராக அண்ணன் கடைக்குள் ஏறி, தராசிலிருந்து பித்தளைத் தட்டைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தாள். நெற்றியில் ஆறியிருந்த காயம் மறுபடி பிளந்துகொண்டது. மறுபடி அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. அவள் மூச்சு வாங்கி நிற்கும்வரை நின்றார்.

"கைய ஒடிச்சே. சரி, ஒரு உசுரக் காப்பாத்தினேன்னு வச்சுக்கறேன். அப்புறம் வாயத் தொறந்து எதுக்கு உள்ள தள்ளினே? பத்துப் பேருக்கு இருந்த ஈவு எரக்கம் உனக்கு இல்ல. அப்பா மாதிரியே ஆயிட்டே நீ."

தட்டு விழுந்தபோதெல்லாம் அவர் கண் திறந்தே இருந்தது. அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் கண்ணை மூடினார்.

அவள் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டிருக்கவில்லை. பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம், புருசனின் கட்டையைக் கடைக்கு வெளியே உருட்டிக்கொண்டுபோய், எதிரில் காலியாக இருந்த கடையில் போட்டுக்கொண்டு நின்றாள். முதல் வாரம் எலும்புத் தூள் பறந்தது. ஆறாவது மாதம் அவள் கட்டையிலும் சத்தம் அடங்கியது. அண்ணன் கைவேலை அவளுக்கு ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. எட்டு அடி தூரத்தில் இரண்டு பேரும் காலை முதல் எதிரெதிரே நின்று வெட்டுவார்கள். பேச்சு இல்லை, பார்வை இல்லை.

வரிசையும் அவரை விடவில்லை. ஒருநாள் அவர் கொக்கியில் தொங்கிய கறியில் மண்ணெண்ணெய். ஒருநாள் கட்டையில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கத்தி அதில் பட்டு எகிறி அவர் கட்டைவிரல் பிளந்தது. காட்டிக்கொடுத்தவன் என்று ஷட்டரில் எழுதினார்கள். அவர் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கடையைத் திறப்பார். நான் ஒருநாள் போய், "வேற மார்க்கெட்டுக்குப் போயிடேன்ணே" என்றேன். "போனா அவ ஆளில்லாம வெட்டிக்கிட்டு நிப்பா" என்றார். அவள் பேசாவிட்டாலும் எதிரே நிற்பது அவருக்கு ஒரு காவல் வேலை.

மாப்பிள்ளை வெளியே வந்தான். பத்து நாள் ஆளைக் காணோம். வரிசை முழுக்க எதிர்பார்ப்பு. சிலர் சந்தோசமாகவே எதிர்பார்த்தார்கள். பதினோராம் நாள் மத்தியானம், கடை கழுவுகிற நேரம், வந்தான். இடது கையில் கறி தொங்கவிடுகிற கொக்கி. வந்த வேகத்தில் வீசினான். பழக்கமில்லாத கை என்பதால் கழுத்துக்கு வீசியது காதில் மாட்டியது. இழுத்தான். வலது காதின் பாதி கொக்கியோடு வந்தது.

கீழே இரும்புக் கம்பி கிடந்தது, பக்கத்தில் கத்தி கிடந்தது. நிதானம் எதையும் எடுக்கவில்லை. அவனைக் கட்டிப்பிடித்தார். இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். கைகால் அசைக்க முடியாதபடி இறுக்கிக்கொண்டு கிடந்தார். அவன் உதைத்தான், கடித்தான், தலையால் முட்டினான். அவர் காதிலிருந்து வழிந்தது இரண்டு பேர் முகத்திலும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரும் விலக்கப் போகவில்லை. எதிர்க்கடையில் தங்கை கத்தியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவன் தளர்ந்தான். மூச்சு இரைக்கச் சொன்னான். "எங்க அடிச்சா ஒடியும்னு தெரிஞ்சேதான அடிச்சே?"

"தெரிஞ்சேதான் அடிச்சேன்."

"இனிமே நான் கத்தி பிடிக்க முடியாதுன்னு தெரியுமா?"

"தெரியும் மாப்ள."

அவன் அழுதான். பெரிய ஆள் அழுவதைக் கூட்டமாக நின்று பார்ப்பது நல்ல காட்சி இல்லை. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இந்தத் தடவை நான் நகரவில்லை. ஆட்டோ கொண்டுவந்து அவரை ஏற்றிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் காதுக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை வந்தாள். ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து முதல்முறையாக அண்ணனிடம் பேசினாள். நலம் விசாரிக்கவில்லை.

"கேஸ் குடுத்தியா?"

"இல்ல. வழுக்கி விழுந்து கொக்கி மாட்டிச்சுன்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்கு அவ்வளவு உண்மை பேசினே. இன்னிக்கு எங்க போச்சு?"

"அன்னிக்குப் போனது ஊரான் விரல். அதை மன்னிக்க நான் யாரு? இது என் காது."

அவள் தையல் போடும் நர்ஸைப் பார்த்து, "ஒழுங்கா தைங்க" என்றாள். போய்விட்டாள்.

இது நடந்து ஒன்பது வருடம். அண்ணன் தங்கை வீட்டுக்கு இன்னும் போக்குவரத்து இல்லை. மார்க்கெட்டில் பேச்சு உண்டு, எல்லாம் திட்டுதான். "அந்தக் கத்திய தீட்டித் தொலை, சத்தம் காதைக் கிழிக்குது" என்பாள். அரைக் காதுக்காரரிடம் இப்படிச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றாது. அவரும் தீட்டுவார். மாப்பிள்ளை இப்போது ஆடு வாங்கச் சந்தைக்குப் போகிற வேலை பார்க்கிறான். கை போனாலும் கண் போகவில்லை, உயிர் ஆட்டைப் பார்த்தே எடை சொல்வான். மச்சானுக்கும் அவன்தான் பார்த்து வாங்குகிறான். இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன மாதம் அவரிடம் கேட்டேன், கையை ஒடித்ததற்கு வருத்தம் உண்டா என்று. கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஒடிச்சதுக்கு இல்ல. கத்திய குடுன்னு நின்னு கேட்டேன் பாரு, அதுக்குத்தான். கேக்காம அப்பவே அடிச்சிருந்தா அந்தப் புள்ளைக்கு பத்து விரலும் இருந்திருக்கும்."

எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. "கடையப் பாருங்க ரெண்டு பேரும். ஆளு நிக்குது."

கால் மணி நேரமாக ஒரு அம்மாள் பையோடு நின்றுகொண்டிருந்தார். நிதானம் ஒரு தொடையை எடுத்துக் கட்டையில் போட்டார்.